அப்பல்லோ 17: வலது பக்கம் நிற்க வேண்டியவர் யார்?

அப்பல்லோ 15 குழு 1971 ஆகஸ்ட் 7ஆம் தேதி பசிபிக் கடலில் வந்து இறங்கியபோது, நிலவுக்கு இன்னும் இரண்டே பயணங்கள்தான் பாக்கி. அப்பல்லோ 16க்கு ஆட்களை அறிவித்தாகிவிட்டது. அப்பல்லோ 17க்கு மட்டும் பெயர்கள் முடிவாகவில்லை.

நிலவில் இறங்கும் இருவரில் கமாண்டர் கலத்தின் இடது பக்கம் நின்று அதை ஓட்டுவார். எடையைக் குறைப்பதற்காக நாற்காலியே வைக்கவில்லை, நின்றபடியேதான் இறங்க வேண்டும். வலது பக்கம் நிற்பவர் உயரம், வேகம், எரிபொருள் எண்களைப் படித்துச் சொல்வார். இறங்கிய பிறகு பாறை பொறுக்கும் வேலையில் சரிபாதி அவருடையது. தகராறு இந்த வலது பக்கத்து இடத்துக்குத்தான். ஒருபுறம் எக்ஸ்-15 ராக்கெட் விமானம் ஓட்டிய ஜோ எங்கிள். மறுபுறம் ஹார்வர்டில் ஜியாலஜியில் டாக்டர் பட்டம் வாங்கிய ஹாரிசன் ஷ்மிட். முடிவெடுக்க வேண்டியவர் நாசாவில் குழுக்களைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பில் இருந்த டீக் ஸ்லேட்டன்.

இந்தக் கதையை வழக்கமாக ஒரே மாதிரிதான் சொல்கிறார்கள்: வரிசையில் காத்திருந்த ஒரு நல்ல விமானியின் இடத்தை, வாஷிங்டனின் நெருக்கடியால் ஒரு விஞ்ஞானிக்குக் கொடுத்துவிட்டார்கள் என்று. அதில் பொய் எதுவும் இல்லை. ஆனால் அன்று ஸ்லேட்டன் முன்னால் மூன்று வழிகள் இருந்தன. மூன்றையும் அருகருகே வைத்துப் பார்த்தால் எனக்கு வேறொரு முடிவு தோன்றுகிறது. அதற்கு முன், இவர்களெல்லாம் எப்படி வேலைக்கு எடுக்கப்பட்டார்கள் என்பதைப் பார்த்துவிட வேண்டும். சண்டையின் வேர் அங்கேதான் இருக்கிறது.

ஆள் எடுத்த விதம்

1958 கடைசியில் அதிபர் ஐசனோவர் ஒரு முடிவெடுத்தார். விண்வெளிக்குப் போகிறவர்களை ராணுவ டெஸ்ட் பைலட்டுகளிலிருந்து மட்டும் எடுத்தால் போதும் என்றார். வயது 40க்குள், உயரம் 5 அடி 11 அங்குலத்துக்குள், 1,500 மணி நேரம் பறந்த அனுபவம், டெஸ்ட் பைலட் பள்ளிச் சான்றிதழ். இந்தச் சல்லடையில் தேறி 1959 ஏப்ரல் 9 அன்று உலகத்துக்கு அறிமுகமானவர்கள்தான் மெர்க்குரி எழுவர், அமெரிக்காவின் முதல் விண்வெளி வீரர்கள். அவர்களில் நிலவில் நடந்தவர் ஒரே ஒருவர், ஆலன் ஷெப்பர்ட். அவருக்கும் உள்காதில் நோய் வந்து பல ஆண்டுகள் பறக்க முடியாமல் போய், அறுவைச் சிகிச்சைக்குப் பிறகுதான் 1971இல் அப்பல்லோ 14 கிடைத்தது. எழுவரில் இன்னொருவரான ஸ்லேட்டனுக்கு 1962இல் இதயத் துடிப்பில் கோளாறு கண்டுபிடித்துப் பறக்கத் தடை போட்டார்கள். அதனால்தான் அவர் யார் எதில் பறப்பது என்று தீர்மானிக்கும் மேசைக்கு வந்து சேர்ந்தார்.

1962 செப்டம்பரில் வந்த ஒன்பது பேர்தான் நிலவுத் திட்டத்தின் முதுகெலும்பு என்பேன். ஆர்ம்ஸ்ட்ராங், போர்மன், கான்ராட், லவல், ஸ்டாஃபோர்ட், யங் என்று ஆறு பேர் நிலவுவரை போனார்கள். மூன்று பேர் அதில் நடந்தார்கள். 1963 அக்டோபரில் வந்த பதினான்கு பேருக்கு டெஸ்ட் பைலட் அனுபவம் கட்டாயம் இல்லை. ஆல்ட்ரின் உள்ளே வந்தது இந்த வழியாகத்தான். விண்வெளியில் இரு கலங்கள் சந்திப்பது பற்றி எம்ஐடியில் ஆய்வு செய்து பட்டம் வாங்கியவர் அவர். அந்தப் பதினான்கு பேரில் நான்கு பேர் ஒருமுறைகூட விண்வெளிக்குப் போகாமலே இறந்துபோனார்கள்.

1965 ஜூனில் ஆறு விஞ்ஞானிகளை எடுத்தார்கள். அமெரிக்க தேசிய அறிவியல் அகாடமி முதல்கட்டமாக வடிகட்டிக் கொடுத்த பட்டியல் அது. விமானம் ஓட்டத் தெரியாதவர்களை விமானப்படைப் பள்ளிக்கு அனுப்பி ஜெட் ஓட்டக் கற்றுக்கொடுத்தார்கள். அந்த ஆறு பேரில் ஜியாலஜி படித்தவர் ஷ்மிட் ஒருவர்தான். அடுத்த ஆண்டு ஏப்ரலில் பத்தொன்பது விமானிகள் வந்தார்கள், எங்கிள் அவர்களில் ஒருவர். அந்தப் பத்தொன்பது பேரில் மிட்செல், இர்வின், டியூக் மூவரும் 1972 ஏப்ரலுக்குள் நிலவில் நடந்துவிட்டார்கள். அதே ஏப்ரலில் விஞ்ஞானிகள் ஆறு பேரின் கணக்கு பூஜ்யம். கர்ட் மிஷெல் 1969இலேயே விலகிப் போய்விட்டார்.

இந்தக் கணக்கை மனதில் வைத்துக்கொண்டுதான் 1971 ஆகஸ்டைப் பார்க்க வேண்டும்.

முதல் வழி: வரிசைப்படி செர்னன், இவான்ஸ், எங்கிள்

ஸ்லேட்டனிடம் ஒரு நடைமுறை இருந்தது. ஒரு பயணத்துக்கு மாற்றுக்குழுவாகப் பயிற்சி எடுப்பவர்கள், இடையில் இரண்டு பயணங்களை விட்டுவிட்டு மூன்றாவதில் பறப்பார்கள். அப்பல்லோ 9க்கு மாற்றாக இருந்த கான்ராட், கார்டன், பீன் மூவரும் 12இல் பறந்தது அப்படித்தான். அப்பல்லோ 14க்கு மாற்றுக்குழு ஜீன் செர்னன், ரான் இவான்ஸ், ஜோ எங்கிள். எனவே 17 அவர்களுடையது. எழுதி வைத்த சட்டம் கிடையாது. ஆனால் எல்லாரும் அதை நம்பித்தான் வீட்டையும் குடும்பத்தையும் ஒதுக்கிவைத்து உழைத்தார்கள்.

எங்கிளின் திறமையில் யாருக்கும் சந்தேகம் இருந்ததில்லை. 1965இல் எக்ஸ்-15ஐ 80 கிலோமீட்டருக்கு மேலே கொண்டுபோய், 32 வயதிலேயே விமானப்படையின் விண்வெளி வீரர் சின்னத்தைச் சட்டையில் குத்திக்கொண்டவர். நாசாவில் சேரும் முன்பே அந்த உயரத்தைத் தொட்டவர். இறங்கும் நேரத்தில் கமாண்டருக்கு ஏதாவது ஆகிவிட்டால் பக்கத்தில் இப்படி ஒருவர் நிற்பது எவ்வளவு பெரிய தைரியம்! அப்பல்லோ 11இல் கணினி எச்சரிக்கை மேல் எச்சரிக்கையாகக் கொடுத்ததும், பாறைகள் நிறைந்த பள்ளத்தைத் தாண்ட ஆர்ம்ஸ்ட்ராங் கையால் ஓட்டியதும், அப்பல்லோ 13 போகும் வழியில் ஆக்சிஜன் தொட்டி வெடித்து, நிலவில் இறங்காமலே உயிர் தப்பித் திரும்பியதும் ஸ்லேட்டனுக்கு நேற்று நடந்தது போல. விமானிகளையே அனுப்ப வேண்டும் என்ற அவரது பிடிவாதத்தை நான் குறை சொல்ல மாட்டேன். அந்தப் பிடிவாதத்தால் உயிர் பிழைத்தவர்கள் இருக்கிறார்கள்.

இந்த வழிக்குச் சாதகமாக இன்னொரு வலுவான வாதமும் உண்டு. அப்பல்லோ 15இல் போன ஸ்காட்டும் இர்வினும் விமானிகள்தான். கால்டெக் பேராசிரியர் லீ சில்வர் அவர்களை மாதக்கணக்கில் மலைகளுக்குக் கூட்டிப்போய்ப் பாறையைப் படிக்கக் கற்றுக்கொடுத்தார். அதன் பலன், ஸ்பர் பள்ளத்தின் விளிம்பில் அவர்கள் பொறுக்கிய ஒரு வெள்ளைப் பாறை. ஜெனிசிஸ் பாறை என்று பெயர் பெற்ற அது 400 கோடி ஆண்டுக்கு மேல் பழையது, நிலவின் ஆதி மேலோட்டின் துண்டு. பத்து நாளுக்கு முன்னால்தான் இது நடந்திருந்தது. விமானிக்குச் சொல்லிக்கொடுத்தால் போதும், ஜியாலஜிஸ்ட் எதற்கு என்று கேட்க இதைவிட நல்ல நேரம் அமையாது.

சரி, அப்புறம் ஏன் எனக்கு இந்த வழி சரியாகப் படவில்லை? அதே ஆண்டு பிப்ரவரியில் அப்பல்லோ 14 போய் வந்திருந்தது. ஷெப்பர்டும் மிட்செலும் கோன் பள்ளத்தின் விளிம்பைத் தேடி ஏறி, மூச்சு வாங்கி, வழி தெரியாமல், விளிம்புக்குச் சில பத்து மீட்டர் தூரத்தில் திரும்பிவிட்டார்கள். அந்தக் குழுவுக்கு ஜியாலஜியில் ஈடுபாடு குறைவு என்பது விஞ்ஞானிகளின் வெளிப்படையான வருத்தம். ஆக, விமானி நல்ல ஜியாலஜிஸ்டாக மாறுவது அவரவர் ஆர்வத்தையும் கமாண்டரின் ஆர்வத்தையும் பொறுத்தது. ஸ்காட்டுக்கு அந்த ஆர்வம் இருந்தது. செர்னனும் எங்கிளும் அதுவரை பயிற்சி எடுத்தது 14க்காக. கடைசிப் பயணம் என்று தெரிந்த பிறகு, தானாக அமையக்கூடும் என்ற நம்பிக்கையில் விட்டுவைக்க முடியாது.

இரண்டாவது வழி: கார்டன் குழுவை அப்படியே அனுப்புவது

இதைப் பற்றி அதிகம் யாரும் பேசுவதில்லை. எனக்கோ இது பெரிதும் கவர்ச்சியான வழியாகத் தெரிகிறது.

டிக் கார்டன், வான்ஸ் பிராண்ட், ஷ்மிட் மூவரும் அப்பல்லோ 15க்கு மாற்றுக்குழு. வரிசைப்படி 18 அவர்களுக்குக் கிடைத்திருக்க வேண்டும். 1970இல் பணத்தைக் காரணம் காட்டிக் கடைசிப் பயணங்களை ரத்து செய்தபோது அந்த அப்பல்லோ 18 பயணமே காணாமல் போனது. ராக்கெட்டுகள் கட்டப்பட்டிருந்தன. பறக்காமல் மிஞ்சிய சாட்டர்ன் 5 பாகங்களை இன்றும் ஹூஸ்டனில் படுக்கவைத்துக் காட்சிக்கு வைத்திருக்கிறார்கள். விஞ்ஞானிதான் போக வேண்டும் என்றால், அவரை அவருடைய குழுவோடு சேர்த்தே அனுப்பலாமே? ஷ்மிட்டும் கார்டனும் ஒன்றாகப் பயிற்சி எடுத்து ஒரு வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. லீ சில்வரின் மலைப் பாடங்கள் எல்லாம் இவர்களுக்கும் சேர்த்துத்தான். ஒருவரின் பேச்சும் பழக்கமும் மற்றவருக்கு அத்துப்படி.

கார்டனுக்கு ஒரு தார்மீக நியாயமும் இருந்தது. அப்பல்லோ 12இல் கான்ராடும் பீனும் கீழே நடந்துகொண்டிருந்தபோது, மேலே தாய்க்கலத்தில் தனியாகச் சுற்றிக்கொண்டிருந்தவர் அவர். அதற்குப் பிறகு 15இன் மாற்றுக்குழுவுக்கு ஒப்புக்கொண்டதே 18இல் தானும் இறங்கி நடக்கலாம் என்றுதான்.

செர்னன் பக்கம் ஒரு கரும்புள்ளியும் இருந்தது. 1971 ஜனவரியில், அப்பல்லோ 14 கிளம்பச் சில நாட்கள் இருக்கும்போது, ஃப்ளோரிடாவின் இண்டியன் ரிவர் நீர்ப்பரப்பில் மிகவும் தாழப் பறந்து ஹெலிகாப்டரைத் தண்ணீரில் மோதி நொறுக்கினார். தீக்குள்ளிருந்து நீந்தித் தப்பினார். ஒரு கமாண்டரின் நிதானத்தைச் சந்தேகிக்க இது போதும் என்று நினைத்தவர்கள் நாசாவுக்குள்ளேயே இருந்தார்கள்.

ஆனால் ஒரு இடத்தில் இந்த வழி சறுக்குகிறது. செர்னன் 1969 மே மாதம் அப்பல்லோ 10இல், ஸ்டாஃபோர்டோடு தரையிறங்கு கலத்தில் நிலவுக்கு 15 கிலோமீட்டர் உயரம்வரை இறங்கிப் பார்த்தவர். கலம் திடீரென்று தலைகுப்புறச் சுழன்று, அதை அடக்கி மேலே வந்த அனுபவமும் அதில் அடக்கம். கார்டன், அப்பல்லோவுக்கு முந்தைய திட்டமான ஜெமினியில் 11ஆவது பயணத்திலும் அப்பல்லோ 12இலும் பறந்த கைதேர்ந்த விமானி. ஆனால் தரையிறங்கு கலத்தை விண்வெளியில் ஓட்டியதில்லை. அவர் ஓட்டியது தாய்க்கலத்தை. கார்டன், ஷ்மிட் இருவரும் இறங்கினால், அந்தக் கலத்தில் பறந்தவர் ஒருவர்கூட உள்ளே இருக்க மாட்டார். மலைகள் சூழ்ந்த ஒடுக்கமான டாரஸ்-லிட்ரோ பள்ளத்தாக்கில் இறங்க வேண்டிய பயணத்துக்கு இது சின்ன விஷயமாக எனக்குத் தெரியவில்லை.

நியாயக் கணக்கும் இங்கே பொருந்தவில்லை. எங்கிள் ஒருவருக்குப் பதில் செர்னன், இவான்ஸ், எங்கிள் மூவரின் இடமும் போகும்.

மூன்றாவது வழி: செர்னன், இவான்ஸ், ஷ்மிட்

நடந்தது இதுதான். ஸ்லேட்டன் முதலில் எங்கிள் பெயரோடுதான் பட்டியல் கொடுத்தார். தலைமையகம் ஏற்கவில்லை. ஆகஸ்ட் 13ஆம் தேதி வந்த அறிவிப்பில் ஷ்மிட் இருந்தார். செர்னன் தன் நண்பனுக்காக வாதாடிப் பார்த்தார், பலிக்கவில்லை.

இந்த வழிக்கு எதிராக முதலில் வருவது, ஓர் ஆளை மட்டும் உருவி வேறொருவரைச் செருகினால் குழு உடையும் என்ற வாதம். கையில் பதினாறு மாதம் இருந்தது. அப்பல்லோ 13இல் மேட்டிங்லிக்கு ஜெர்மன் மீசல்ஸ் வரலாம் என்ற பயத்தில், கிளம்ப இரண்டு நாள் இருக்கும்போது ஸ்விகர்ட்டை மாற்றிப் போட்டார்கள். அதோடு ஒப்பிட்டால் பதினாறு மாதம் தாராளம். வலது பக்கத்து வேலையும் ஷ்மிட்டுக்குப் புதிதல்ல. தரையிறங்கு கலத்தின் அமைப்புகளை ஆண்டுக்கணக்கில் படித்து, 15இன் மாற்றுக்குழுவில் அதே இடத்துக்குத்தான் பயிற்சி எடுத்திருந்தார்.

வரிசையை மீறிவிட்டார்கள் என்பது அடுத்த வாதம். இதில்தான் எனக்கு உடன்பாடே இல்லை. மெர்க்குரி எழுவரில் ஒருவரான கார்டன் கூப்பர் அப்பல்லோ 10க்கு மாற்றுக் கமாண்டராக இருந்தார். அவரைத் தாண்டி ஷெப்பர்டுக்குப் பயணம் கொடுத்தவர் இதே ஸ்லேட்டன். ஷெப்பர்டுக்குப் பயிற்சி போதாது என்று சொல்லி, அவர் குழுவை 13இலிருந்து 14க்குத் தள்ளியது இதே தலைமையகம். பீன் அப்பல்லோ 12க்கு வந்தது சி.சி. வில்லியம்ஸ் விமான விபத்தில் இறந்ததால். ஏன், செர்னன் முதன்முதலில் விண்வெளிக்குப் போனதே எலியட் சீ, சார்லஸ் பாசெட் இருவரும் 1966 பிப்ரவரியில் விமான விபத்தில் இறந்து, ஜெமினி 9இல் மாற்றுக்குழு முன்னேறியதால்தான். இந்த ஆரம்பகால வீரர்களின் வாழ்க்கையை வரிசையாகப் படித்துவந்தால், வரிசைப்படி மட்டுமே மேலே போனவர் அநேகமாக யாருமே இல்லை. மரணம், காது, இதயம், பட்ஜெட் எல்லாம் வரிசையை மாற்றலாம், அறிவியல் மட்டும் மாற்றக் கூடாது என்றால் அது என்ன நியாயம்?

ஷ்மிட் போனதால் என்ன கிடைத்தது? இருவரும் மூன்று நாளில் சுமார் 22 மணி நேரம் வெளியே வேலை செய்து, ரோவர் என்ற நிலவு வண்டியில் 35 கிலோமீட்டர் சுற்றி, 110 கிலோ கற்களும் மண்ணும் கொண்டுவந்தார்கள். எல்லா அப்பல்லோ பயணங்களிலும் அதுதான் அதிகம். ஆனால் எடையைச் சொல்லி ஷ்மிட்டுக்குப் பெருமை சேர்ப்பது சரியாகாது, எங்கிளும் அதே எடையைத் தூக்கியிருப்பார்.

ஷார்ட்டி பள்ளத்தில் நடந்ததைப் பார்க்க வேண்டும். இரண்டாம் நாள், அந்த இடத்துக்கு ஒதுக்கிய நேரம் அரைமணி சொச்சம். காலணி கிளறிய இடத்தில் ஆரஞ்சு நிற மண் தெரிந்ததை ஷ்மிட் கவனித்தார். இந்த நிறம் யார் கண்ணிலும் பட்டிருக்கும் என்பதை நான் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அடுத்த நிமிடங்களில் அவர் செய்தது வேறு. மண்ணின் குறுக்கே ஒரு சிறு பள்ளம் வெட்டி, நிறம் எங்கே ஆரம்பித்து எங்கே முடிகிறது, ஓரத்தில் எப்படி மாறுகிறது என்று சொல்லிக்கொண்டே போனார். பிறகு இருவருமாக அதில் குழாயை இறக்கி அடுக்கு கலையாமல் மாதிரி எடுத்தார்கள். பூமியிலிருந்து யாரும் வழிகாட்டக் காத்திருக்கவில்லை. அந்த மண் 350 கோடி ஆண்டுகளுக்கு முன் பீறிட்ட எரிமலைக் குழம்பின் கண்ணாடித் துளிகள் என்பது பிறகு தெரிந்தது. 2011இல் அதே மண்ணின் துளிகளுக்குள் சிறைப்பட்டிருந்த குழம்பில் தண்ணீரின் அளவை அளந்தபோது, நிலவின் உள்பகுதி எலும்பு போல வறண்டது என்ற பழைய எண்ணம் ஆட்டம் கண்டது. எங்கிருந்து, எந்த அடுக்கிலிருந்து எடுத்தது என்ற துல்லியம் இல்லாவிட்டால் நாற்பது வருடம் கழித்து ஒரு பிடி மண்ணிடம் இவ்வளவு கேட்க முடியாது.

ஷ்மிட்டின் பங்களிப்பு இந்த ஒரு பயணத்தோடு நின்றுவிடவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். லீ சில்வரை விண்வெளி வீரர்களிடம் கூட்டிவந்ததே அவர்தான். அப்பல்லோ 15இன் வெற்றியைக் காட்டி 'விஞ்ஞானி தேவையில்லை' என்று வாதாடுபவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள். அந்த விமானிகளுக்குப் பாறையைப் படிக்கும் கண் வந்ததில் 1965இல் எடுத்த ஒரு விஞ்ஞானிக்குப் பங்கு உண்டு. ஷ்மிட்டுக்கு முன் அந்தக் கனவைக் கண்டவர் அவர் வேலை பார்த்த ஃப்ளாக்ஸ்டாஃப் ஆய்வு மையத்தை நிறுவிய யூஜீன் ஷூமேக்கர். அடிசன் நோய் இருந்ததால் அவரால் விண்ணப்பிக்கவே முடியவில்லை. அவர் இறந்த பிறகு, அவருடைய அஸ்தியில் கொஞ்சத்தை லூனார் பிராஸ்பெக்டர் கலம் சுமந்துபோய் 1999இல் நிலவில் மோதியது.

என் தேர்வு

மூன்றாவது வழிதான் என் தேர்வு. தரையிறங்கு கலத்தில் பறந்த ஒரு கமாண்டரும், பாறையோடு வாழ்ந்த ஒரு விஞ்ஞானியும் சேர்ந்து நிற்பது அதில் மட்டும்தான். இரண்டாவதாக கார்டன் குழு. வரிசைப்படியான முதல் வழியை மூன்றாவதாக வைக்கிறேன், அதுதான் மூன்றிலும் நேர்மையானது என்று தெரிந்தே.

அந்த நேர்மைக் குறைவை மழுப்ப எனக்கு விருப்பமில்லை. எங்கிள் எந்தத் தவறும் செய்யவில்லை. ஹெலிகாப்டரை மோதியவர் நிலவுக்குப் போனார், மோதாதவர் போகவில்லை. அவர் பொதுவெளியில் கசப்பைக் காட்டாமல் அடுத்த வேலைக்குப் போனார். 1977இல் எண்டர்பிரைஸ் விண்வெளி ஓடத்தைச் சோதித்தார், 1981இல் கொலம்பியாவின் இரண்டாவது பயணத்துக்கும் 1985இல் டிஸ்கவரிக்கும் கமாண்டர் ஆனார். ஷ்மிட் நியூ மெக்சிகோவின் செனட்டராக ஒரு தவணை இருந்தார். கார்டன் 1972 ஜனவரியிலேயே நாசாவை விட்டுப் போய்விட்டார்.

இந்தக் கேள்வி முடிந்துபோன ஒன்றும் இல்லை. ககன்யானுக்கு 2024இல் அறிவிக்கப்பட்ட நான்கு பேரும் இந்திய விமானப்படையின் டெஸ்ட் பைலட்டுகள், அவர்களில் அஜித் கிருஷ்ணன் சென்னையில் பிறந்தவர். முதல் பயணங்களுக்கு அதுவே சரி. 2040இல் இந்தியர் ஒருவரை நிலவில் இறக்குவது என்ற இலக்கு நெருங்கும்போது, இஸ்ரோவின் மேசைக்கும் இதே பட்டியல்கள் வரும். அங்கே அப்பல்லோவின் உண்மையான பிழை உதவும். அந்தப் பிழை 1971 ஆகஸ்டில் நடந்தது என்று நான் நினைக்கவில்லை. 1969 ஆகஸ்டில், அப்பல்லோ 14இன் மாற்றுக்குழுவை அறிவித்த நாளில் நடந்தது. விஞ்ஞானிகளை வேலைக்கு எடுத்து நான்கு வருடம் ஆகியிருந்தது. அன்றே செர்னனுக்குப் பக்கத்தில் ஷ்மிட்டைப் போட்டு, எங்கிளைப் பிறகு அமைந்த கார்டன் குழுவில் போட்டிருக்கலாம். 18 ரத்தானபோது எங்கிளின் வாய்ப்பு அப்போதும் போயிருக்கும். ஆனால் பட்ஜெட்டால், கார்டனோடும் பிராண்டோடும் சேர்ந்து போயிருக்கும். கையெழுத்தாகும் நேரத்தில் அவர் ஒருவரின் பெயரை மட்டும் அடித்து, மேலே இன்னொரு பெயரை எழுத வேண்டி வந்திருக்காது.